காசு கொடுத்து நெரிசலுக்குள்

மலேசியத் தேசிய அணி ஆடும் இரவில் செலாயாங் பாருவில் காற்பந்து பார்க்கப் பெரிய செலவில்லை. மாமாக் கடையில் வெள்ளைத் திரையை இறக்கிவிட்டிருப்பார்கள். ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் 90 நிமிடமும் யாரும் எழுப்பமாட்டார்கள். இடைவேளையில் ஒரு ரொட்டி சானாய் சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் சந்தோஷம். தலைக்குமேல் மின்விசிறி, பக்கத்திலேயே கழிப்பறை. கோல் விழுந்தால் நாலு கோணத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

அதே ஆட்டத்தை நேரில் பார்ப்பதென்றால் கதையே வேறு. பத்துமலையில் கொமுட்டர் ஏறி, பண்டார் தாசேக் செலாத்தானில் எல்ஆர்டிக்கு மாறி, புக்கிட் ஜாலில் போய்ச் சேரவேண்டும். நுழைவாயிலில் பையைத் துழாவுவார்கள், தண்ணீர் போத்தலைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மேல்தட்டில் இடம் கிடைத்தால் ஆட்டக்காரரின் முதுகிலுள்ள எண்ணைக்கூடப் படிக்க முடியாது. முன்வரிசைக்காரர் முக்கியமான நேரத்தில் எழுந்து நின்றுவிடுவார். யார் கோல் போட்டது என்று தெரியாமலேயே கத்திவிட்டு, பிறகு கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வதும் உண்டு. ஆட்டம் முடிந்தால் இத்தனை ஆயிரம் பேரும் ஒரே எல்ஆர்டி நிலையத்தை நோக்கி நடப்பார்கள். வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும்.

ஆக, நன்றாகத் தெரிவது கடையில். விலை அதிகம் அரங்கத்தில். பொருள் மட்டமாக இருந்தால் விலை குறையவேண்டும் என்பதுதான் சந்தைக் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. 2018 டிசம்பர் 11ஆம் தேதி ஆசியான் கிண்ணத்தின் இறுதிச்சுற்று முதல் ஆட்டத்தில் மலேசியாவும் வியட்நாமும் 2-2 என்று சமமாக முடித்த இரவில், புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் 88,000 பேருக்குமேல் இருந்தார்கள். அந்த டிக்கெட்டுக்காக வரிசையில் காத்துக்கிடந்து, கடைசியில் வெறுங்கையோடு ஆத்திரமாகத் திரும்பியவர்களும் ஏராளம். அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாத சங்கதியா என்ன?

அப்படியானால் அவர்கள் வாங்கப் போனது ஆட்டத்தை அல்ல. வேறு எதையோ. அது என்ன என்பதைக் கொஞ்சகாலமாக ஆய்வாளர்கள் மனிதர்களின் மார்பில் கருவிகட்டி அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து என்றால் உயிர். அங்கே மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலாத்தாஸும் கூட்டாளிகளும் ரசிகர்களுக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். ஒரு பகுதியினர் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மற்றவர்கள் சிறு குழுக்களாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஆட்டம் ஒன்றுதான், பதற்றமான நொடிகளும் ஒன்றுதான். ஆனால் அரங்கத்தில் இருந்தவர்களின் இதயத்துடிப்பு ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கியது. திரை முன்னால் இருந்தவர்களிடம் அந்த ஒத்திசைவு குறைவு. 2022இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: துடிப்பு எந்த அளவுக்கு ஒத்துப்போனதோ அந்த அளவுக்கு, அந்த அனுபவம் தங்களை ஏதோ செய்துவிட்டது என்று அந்த மனிதர்கள் சொன்னார்கள்.

சிகலாத்தாஸ் விளையாட்டிலிருந்து தொடங்கியவர் அல்லர். அவர் முதலில் போனது தீமிதிக்கு. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்றொரு சிற்றூர். அங்கே ஜூன் மாதத்தில் புனித யோவான் திருநாளையொட்டி இரவில் தணலில் நடப்பார்கள். பலர் முதுகில் வேறொருவரைச் சுமந்துகொண்டு. நடப்பவர்களுக்கும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அவருடைய குழு கருவி கட்டியது. தீயில் இறங்கியவரின் துடிப்பும், அசையாமல் உட்கார்ந்திருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே கோட்டில் போயின. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம் அது நடக்கவில்லை. இது 2011இல் வெளிவந்தது. வெறுமனே கூட்டத்தில் நின்றால் போதாது, ‘நம்ம ஆள்’ உள்ளே இறங்கியிருக்கவேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த சேதி.

அடுத்து அவர் போன இடம் நமக்கு இன்னும் நெருக்கம்: மொரிஷியஸ் தமிழர்களின் தைப்பூசம். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், அவர்களோடு கூடவே நடந்தவர்கள், வேறொரு நாளில் கோயிலில் அமைதியாகக் கூட்டு வழிபாடு செய்தவர்கள் என்று மூன்று வகையினர். ஒவ்வொருவர் கையிலும் 200 மொரிஷியஸ் ரூபாய் கொடுத்து, விரும்பினால் கோயிலுக்கு நன்கொடை போடலாம், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். வழிபாட்டுக்கு மட்டும் வந்தவர்கள் போட்டதைவிடக் காவடிக்காரர்கள் போட்டது அதிகம். கூட நடந்தவர்களோ காவடி எடுத்தவர்களுக்கும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். வலி ஒருவருக்கு, உருக்கம் பக்கத்தில் நடந்தவருக்கு.

பத்துமலை செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் இருக்கிற ஊர். 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிற அந்த 272 படிகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆய்வு முடிவு பெரிய அதிர்ச்சியைத் தராது. தைப்பூசத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டத்தான் செய்கிறார்கள். ஆனாலும் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த அத்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? வேர்வையும் நெரிசலும் கற்பூரப் புகையும் உறுமிச் சத்தமும் சேர்ந்ததுதான் தைப்பூசம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912லேயே இதற்கு ஒரு விளக்கம் எழுதிவைத்தார். ஆட்கள் ஓரிடத்தில் கூடி ஒரே காரியத்தில் மனத்தை வைக்கும்போது ஒருவகைக் கொந்தளிப்பு எழுகிறது. அதில் தனி மனிதன் தன்னைவிடப் பெரிய ஒன்றில் கரைந்ததாக உணர்கிறான் என்றார். அவர் பேசியது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்கைப் பற்றி. புக்கிட் ஜாலிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு 90 நிமிடமும் உட்காராமல் முரசறையும் அல்ட்ராஸ் மலாயா ரசிகர் கூட்டத்தைப் பார்த்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார்.

கூட்டத்துக்கென்று தனி இயற்பியலும் இருக்கிறது. கச்சேரி முடிந்து எழும் கைதட்டல் முதலில் மழைபோல் கொட்டும். சில நொடிகளில் யாரும் சொல்லாமலேயே எல்லாரும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவார்கள். ருமேனியா, ஹங்கேரி அரங்குகளில் இதைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2000இல் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். தாளம் சேர்வதற்கு ஒவ்வொருவரும் தன் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார். வேகம் குறைந்ததால் மொத்தச் சத்தமும் குறைகிறது. அது ரசிகருக்குப் போதவில்லை. வேகத்தைக் கூட்டுகிறார், தாளம் உடைகிறது. மறுபடி குறைக்கிறார், மறுபடி சேர்கிறது. சத்தமா தாளமா என்று ஒரு கூட்டமே முடிவெடுக்க முடியாமல் தவிப்பதைத்தான் நாம் கைதட்டல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அரங்கத்தைச் சுற்றி ஆட்கள் வரிசையாக எழுந்து உட்காரும் ‘மெக்சிகோ அலை’யையும் அளந்துவிட்டார்கள். 2002இல் ஃபர்காஷ், ஹெல்பிங், விச்செக் என்ற மூவர் ஒளிப்பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அலை நொடிக்குச் சுமார் 12 மீட்டர், அதாவது 20 இருக்கை வேகத்தில் ஓடுகிறது. பெரும்பாலும் கடிகாரமுள் சுற்றும் திசையில். 50,000 பேர் கொள்ளும் அரங்கத்தில் அதைக் கிளப்பிவிடச் சில டஜன் பேர் போதும். மாமாக் கடையில் இதைச் செய்து பாருங்கள், பக்கத்து மேசைக்காரர் முறைப்பார்.

இந்தக் கூட்டம் ஆட்டத்தையே திருப்பிவிடும் என்பதற்கும் நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. 2010 டிசம்பர் 26, ஆசியான் கிண்ண இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். மலேசியாவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். எதிரணி இந்தோனேசியா. இரண்டாம் பாதியில், கூட்டத்திலிருந்து லேசர் விளக்கைக் கண்ணில் அடிக்கிறார்கள் என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடம் நின்றது. மீண்டும் தொடங்கிய பிறகுதான் மலேசியாவின் மூன்று கோலும் விழுந்தன; சாஃபீ சாலி இரண்டு, அஷாரி ஒன்று. ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 என்று தோற்றும் மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் முதன்முறையாக இங்கே வந்தது. லேசர் அடித்தது அசிங்கம்தான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர் வெறும் பார்வையாளர் என்ற நினைப்பை அந்த இரவு கலைத்துப்போட்டது. பத்து ஆண்டு கழித்து, கோவிட் காலத்தில் ஆளில்லாத அரங்குகளில் ஐரோப்பியக் காற்பந்து நடந்தபோது இதற்கு எதிர்ப்பக்கச் சோதனையும் கிடைத்தது. சொந்தத் திடலில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருக்கும் அனுகூலம் சுருங்கியது. விருந்தாளி அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டையும் குறைந்தது. ஊளையிட ஆளில்லாவிட்டால் நடுவரும் கொஞ்சம் நியாயவானாகிவிடுகிறார்போல.

சரி, கூட்டத்தின் சுகம் புரிகிறது. அதற்கு இவ்வளவு விலை எதற்கு? இங்கேதான் மனம் செய்கிற கள்ளக்கணக்கு வருகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து டிக்கெட்டுக்காக மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டுக் காத்துக்கிடப்பது வழக்கம். பெரிய ஆட்டங்களுக்கு அப்படிக் காத்திருந்தவர்களுக்கும் குலுக்கலில் பேர் விழுந்தால்தான் டிக்கெட். ஆகவே கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ஆசையில் வித்தியாசம் இல்லை. அதிர்ஷ்டத்தில் மட்டும்தான் வித்தியாசம். சிவ் கார்மோன், டான் ஏரியலி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விலை கேட்டார்கள். கிடைக்காதவர்கள் ஒரு டிக்கெட்டுக்குத் தரத் தயாராக இருந்தது சராசரியாக 166 டாலர். கிடைத்தவர்கள் விற்பதற்குக் கேட்டது சராசரியாக 2,411 டாலர். வாங்குகிறவர் அந்தக் காசில் வேறென்ன செய்யலாம் என்று யோசிக்கிறார். விற்கிறவரோ பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்போகும் கதையை விற்பதாக நினைக்கிறார். கையில் டிக்கெட் வந்த நொடியில் அது காகிதமாக இருப்பது நின்றுவிடுகிறது.

பட்ட பாடும் விலையில் சேர்கிறது. எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1959இல் செய்த சோதனை உளவியல் மாணவர்களுக்கு மனப்பாடம். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர்வதற்குச் சிலரைக் கடுமையாகச் சங்கடப்படுத்தினார்கள். சிலரைச் சும்மா சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருக்கும் கேட்கக் கொடுத்தது ஒரே அறுவைப் பேச்சுத்தான். சங்கடப்பட்டு நுழைந்தவர்கள்தான் அதை நன்றாக இருக்கிறது என்றார்கள். இவ்வளவு பட்டுவிட்டு, போனது வீண் என்று சொல்ல மனம் ஒப்பாது. இரவு வரிசையில் நின்றவர், கூடுதல் விலை கொடுத்தவர், ஜொகூரிலிருந்து பேருந்தில் வந்தவர் எல்லாரும் ஆட்டம் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். சிலசமயம் அது 0-0 ஆட்டமாகவும் இருக்கும்.

2025 மே 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலில் ஆசியான் நட்சத்திர அணியோடு நட்பு ஆட்டம் ஆடியபோது புள்ளி எதுவும் கிடையாது. 70,000 பேருக்குமேல் வந்தார்கள். யுனைடெட் 0-1 என்று தோற்றது. காசு கொடுத்து வந்த ரசிகர்களே ஊளையிட்டு அனுப்பினார்கள். அந்த ஊளையிடும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. தொலைக்காட்சியைப் பார்த்து ஊளையிட்டால் யாருக்குக் கேட்கும்?

இனி விற்பவர் பக்கம். 1991இல் பொருளியலாளர் கேரி பெக்கர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எதிரெதிரே இரண்டு மீன் உணவகங்கள். சாப்பாடு, விலை இரண்டிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் எப்போதும் வரிசை, மற்றதில் ஈ ஓட்டுகிறார்கள். கூட்டம் நிற்கிற கடைக்காரர் விலையை ஏற்றி வரிசையை ஒழித்துவிடலாமே, ஏன் செய்யவில்லை? பெக்கரின் விடை: மற்றவர்கள் விரும்புவதால்தான் நாமும் விரும்புகிற பொருள்கள் சில உண்டு. அங்கே வரிசையே விளம்பரம். விலையை ஏற்றி வரிசையைக் கலைத்தால், வரிசையைப் பார்த்து வந்தவர்களும் சேர்ந்து போய்விடுவார்கள். பிறகு விலையைப் பழையபடி இறக்கினாலும் திரும்பமாட்டார்கள். நாடகமும் விளையாட்டுப் போட்டியும் இந்த வகைதான் என்று அவரே குறிப்பிட்டார்.

இந்தக் கணக்குக்குச் சிப்பாங் பந்தயத் தளத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு உலகத்தில் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. 1999 அக்டோபரில் அங்கே முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது மலேசியாவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெர்மான் டில்கே வடிவமைத்த 5.543 கிலோமீட்டர் ஓடுதளம், 15 வளைவு. வாழையிலைபோல் விரிந்த கூரைக்கடியில் பார்வையாளர் மேடை. ஓட்டுநர்களுக்கும் பிடித்த பாதை. 2008 செப்டம்பரில் சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தைத் தொடங்கியது. அதே கார்கள், அதே ஓட்டுநர்கள், டிக்கெட் விலையோ சிப்பாங்கைவிடப் பலமடங்கு. குறுகலான நகரச் சாலையில் முந்திச் செல்வதும் சிரமம். பந்தயமாகப் பார்த்தால் சிப்பாங்தான் உயர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அதே கட்சிதான்.

ஆனால் கூட்டம் சிங்கப்பூருக்குப் போனது, மலேசியர்கள் உட்பட. விளக்கொளியில் மின்னும் நகரம், இரவில் பாட்டுக் கச்சேரி, ‘நீயும் போனாயா’ என்று மறுநாள் அலுவலகத்தில் கேட்கும் கேள்வி, எல்லாம் அங்கே. சிப்பாங்கில் மேடைகள் காலியாகத் தெரியத் தெரிய, அந்தக் காலி இருக்கைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்னும் குறைவாக வந்தார்கள். மலிவாக விற்றும் பயனில்லை. மலிவென்றால் மட்டம் என்று மனம் தானாகப் பொருள் எடுத்துக்கொள்ளும். 2017 அக்டோபர் 1, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்ற பந்தயத்தோடு கதை முடிந்தது. இதில் வேடிக்கை, இதுதான் கடைசி என்று அறிவித்தவுடன் கூட்டம் திரும்பி வந்ததுதான். இனிமேல் கிடைக்காது என்ற ஒற்றைச் சொல் செய்த வேலையை விலைக்குறைப்பு செய்யவில்லை. அதே சிப்பாங்கில் மோட்டோஜிபி மட்டும் ஜமாய்க்கிறது. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இங்கே எத்தனை? அந்தப் பந்தயத்துக்கு வருபவர்களுக்கு அது தங்கள் சொந்த வண்டியின் அண்ணன் ஓடுகிற பந்தயம்.

செலாயாங் நகராண்மைக் கழக அரங்கத்தின் கதையும் இதை ஒட்டியதே. 2017இல் சிலாங்கூர் அணி சில காலம் இதைச் சொந்தத் திடலாகக் கொண்டு ஆடியபோது தெருவே சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. சின்ன அணிகள் ஆடும் நாளில் அதே புல், அதே விளக்கு, கார் நிறுத்த இடம் தாராளம். இடம் கிடைப்பது சுலபமாக இருப்பதாலேயே போகத் தோன்றுவதில்லை.

விற்பவர்கள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாகப் படித்துவைத்திருக்கிறார்கள். சென்னைச் சேப்பாக்கத்தில் 2024 மார்ச் 22 அன்று ஐபிஎல் தொடக்க ஆட்டத்துக்கு மலிவான டிக்கெட்டே 1,700 ரூபாய், உச்சம் 7,500. கள்ளச்சந்தை விலை தனி. 2026 உலகக் கிண்ணக் காற்பந்துக்கு ஃபிஃபா, தேவை ஏற ஏற விலையும் ஏறும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அறிவித்தபடி குழுச்சுற்றில் மிகக் குறைந்த விலை 60 டாலர், இறுதியாட்டத்தின் மிக உயர்ந்த இருக்கை 6,730 டாலர். வாங்கியவர் மறுவிற்பனை செய்தால் அவரிடம் 15 விழுக்காடு, அதை வாங்குகிறவரிடம் இன்னொரு 15 விழுக்காடு. கள்ளச்சந்தைக்காரன் செய்துகொண்டிருந்த வேலையை அமைப்பே எடுத்துக்கொண்டு, கழிவையும் இருபக்கமும் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு இதில் உறுத்துவது விலையின் அளவைவிட வேறொன்று. இதயம் சேர்ந்து துடிப்பதும், அலை எழும்புவதும், நடுவரை மிரட்டுகிற ஊளையும் அமைப்பாளர் செய்த சரக்கு அல்ல. ரசிகர்களே கொண்டுவந்து கொட்டுவது அது. அதை அவர்களிடமே திருப்பி விற்கிறார்கள். பரவாயில்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் விலை ஒரு வரம்பைத் தாண்டும்போது முதலில் வெளியே போவது முரசறைகிறவரும் தொண்டை கிழியக் கத்துகிறவரும். அவர்கள் இடத்துக்கு, நிறுவனச் செலவில் வந்து, இடைவேளை முடிந்து பத்து நிமிடம் கழித்து இருக்கைக்குத் திரும்புகிறவர் வருவார். மான்செஸ்டர் யுனைடெட் அணித்தலைவராக இருந்த ராய் கீன் 2000லேயே தன் சொந்த ரசிகர்களில் சிலரை, இறால் சாண்ட்விச் தின்ன வந்தவர்கள் என்று சாடினார். அவருக்கு வாய்த்துடுக்கு அதிகம்தான். ஆனால் அமைதியான அரங்கத்தில் ஆடுவது எப்படி இருக்கும் என்று ஆட்டக்காரருக்குத்தானே தெரியும்.

செலாயாங்கில் லிவர்பூல் சட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த அணியின் ரசிகர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை திடலிலேயே போட்டுக் காட்டினார்கள். புதுப்பித்த மேடையில் மிக உயர்ந்த டிக்கெட்டை 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டுக்கு ஏற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. 77ஆவது நிமிடம் வந்ததும் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடத்துக்குள் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-2 ஆக்கியது. கூட்டம் போனதால்தான் கோல் விழுந்தது என்று எந்த விஞ்ஞானியும் ஒரே ஆட்டத்தை வைத்துச் சொல்லமாட்டார். லிவர்பூல் உரிமையாளர்கள் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 10 அன்று மன்னிப்புக் கேட்டு, 59 பவுண்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.